கலாசாலை தந்த மூவர்

ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை அறியப் புகுவோர் அம்மொழியிலுள்ள நூல்களின் பெயர்களை மாத்திரம் அறிந்து அமைதல் போதாது. அந்நூல்களை இயற்றினோர் எவ்விடத்துப் பிறந்தனர், யாரிடத்துப் பயின்றனர், எத்தொழிலால் வாழ்க்கை நடத்தினர், எந்த வயதில் எழுதத் தொடங்கினர் என்பனவற்றையும் ஒருங்கே அறிதல் வேண்டும். நம் பழம்புலவர் பலரைக் குறித்து நமக்குக் கிட்டுவன பெரும்பாலும் செவிவழிக் கதைகளே. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய நம் உரைநடை ஆசிரியர் சிலரது வாழ்க்கை நமக்கு ஆண்டும் திங்களுமாக விளங்கக் கிடக்கின்றது. கிடந்தும், நம்மில் அதனை நாடுவோர் மிகச் சிலரே.

சென்ற பருவத்தில் ஒருநாள் நாம் வகுப்பிலே, தமிழ் நாவல்களின் தோற்றத்தைப்பற்றிப் பேசுங்கால், "கமலாம்பாள் சரித்திரத்தை இயற்றியவர் யார்?" என்று வினாவினோம். பலர் உடனே விடை பகர்ந்தனர். "அவர் அதனை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது யாது?" என்று மீட்டும் வினாவினோம். வகுப்பு முழுவதும் மௌனமாயிருந்தது. "இருபத்தொன்று" என்று நாமே கூறியபோது, பின் வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், "ஐயா, அஃது எங்கள் வயதன்றோ!" என்றார். அம்மாணவர் வியப்புற்றுக் கூறிய அச்சொற்களே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயின.

ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ஏறக்குறைய ஒரே காலத்திற் பயின்று, பின்னர்த் தமிழுக்குப் பெருந்தொண்டு ஆற்றி மறைந்த மூவரது வாழ்க்கையாகும். அவர்கள் பி. ஆர். ராஜம் ஐயர், வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், அ. மாதவையா என்போர். முதல்வர் வாழ்ந்தது 26 ஆண்டு. இரண்டாமவர் 33 ஆண்டு. மூன்றாமவர் 53 ஆண்டு. மூவர் வாழ்நாளையும் ஒன்று கூட்டினும் 112 ஆண்டுகளே ஆகின்றன. இத்துணைச் சிறிய காலத்திலே தமிழ் நாவல், தமிழ் நாடக இலக்கணம், தமிழ்மொழி வரலாறு ஆகிய துறைகளில் இவர்கள் இட்ட அடிப்படை இன்றும் நிலைத்திருக்கின்றது.

கலாசாலையும் காலமும்

1837-ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்து தேசத்துப் பாதிரியார் சென்னையில் நிறுவிய பாடசாலையே நாளடைவில் வளர்ந்து, வில்லியம் மில்லர் துரையவர்களின் முயற்சியால் 1877-ஆம் ஆண்டிற் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை எனப் பெயர் பெற்றது. மில்லர் 1862-ல் இந்நாட்டிற்கு வந்தவர். 1907 வரை அக்கலாசாலையின் தலைவராக விளங்கியவர். 1937-ல் தாம்பரத்திற்குப் பெயர்ந்து செல்லுமுன், அக்கலாசாலை ஜார்ஜ் டவுன் பகுதியிலே, உயர்நீதிமன்றத்திற்கு அணித்தாக இருந்தது. அங்குப் பயின்ற மாணாக்கரிற் பெரும்பாலோர் இந்துக்களே. மதுரையினின்றும் திருநெல்வேலியினின்றும் பட்டணம் வந்து சேர்ந்த கிராமத்துப் பிள்ளைகள் பலர் அவருள் இருந்தனர். நாம் கூறும் மூவரும் அவ்வாறு வந்தவர்களே.

அக்காலத்தில் உயர்தரக் கல்வி யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. தமிழ் இரண்டாம் மொழியாகவே எண்ணப்பட்டது. பட்டம் பெற்றோர் உத்தியோகத்தையும் வக்கீல் தொழிலையும் நாடினர். தமிழ்ப் பண்டிதருக்கு மதிப்பும் ஊதியமும் குறைவு. உரைநடையில் நீண்ட கதை எழுதும் வழக்கமும் அப்போதுதான் அரும்பியிருந்தது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரமே நம் மொழியின் முதல் நாவலெனக் கொள்ளப்படுவது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அத்துறையில் மிகச் சில நூல்களே தோன்றின. அந்த வெற்றிடத்தை நிரப்பினோர் ஆங்கிலம் பயின்ற இளைஞர்களே.

ராஜம் ஐயர்

ராஜம் ஐயர் 1872-ஆம் ஆண்டில் மதுரையைச் சார்ந்த வத்தலக்குண்டு என்னும் ஊரிற் பிறந்தார். மதுரையிற் கல்வி பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து 1889-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. சட்டக் கல்வியில் அவர் புகுந்தும் உள்ளம் அதிற் பொருந்தவில்லை. கவிதையிலும் வேதாந்தத்திலுமே அவர் மனம் தோய்ந்து நின்றது.

சி. வி. சுவாமிநாதையர் நடத்திய விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையில் 1893 முதல் 1895 வரை அவர் ஒரு கதையைத் தொடர்ந்து எழுதினார். 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அதன் பெயர். 1896-ல் அது புத்தகமாக வெளிவந்தது. சிறுகுளம் என்னும் கிராமத்தில் வாழ்ந்த முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும், ஊரார் வாயிற் பிறந்த பழிச்சொல்லால் அடைந்த துன்பமே கதையின் சாரம். ஆயின் நூலின் பெருமை அச்சாரத்தில் மாத்திரம் இல்லை. ஊர்ப் பெண்டிர் கூடி வம்பளக்குமிடமும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் தம் புலமையைக் காட்டி நகைப்புக்கிடமாகுமிடமும், பேயாண்டித் தேவன் என்னும் கள்வன் தோன்றுமிடமும் படிப்போர் கண்முன் உயிருடன் நிற்கின்றன. அதற்கு முன் நம் உரைநடையில் மாந்தர் பேசும் பேச்சு இங்ஙனம் அமைந்ததில்லை. வேதநாயகம் பிள்ளையவர்களின் பாத்திரங்கள் ஆசிரியர் கருத்தையே பேசுவர். ராஜம் ஐயரின் பாத்திரங்கள் தங்கள் கருத்தைப் பேசுவர். நாவற்கலையில் இஃது ஒரு பெரும் முன்னேற்றம் என்று நாம் கருதுகின்றோம்.

நூலின் குறையையும் கூறாதுவிடல் நேர்மையன்று. பிற்பகுதியிற் கதைப்போக்குத் தளர்ந்து, வேதாந்த விசாரணை மேலோங்குகின்றது. முற்பகுதியில் நாம் கண்டு பழகிய ஊர் மெல்ல மறைந்து, துறவியர் உரையாடலே எஞ்சி நிற்கின்றது. ஆயினும் அக்குறை, எழுதியவரின் உள்ளம் எத்திசை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது என்பதை நமக்குக் காட்டுகின்றது. நூல் புத்தகமாக வெளிவந்த அதே 1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தாற் சென்னையில் தொடங்கப்பெற்ற பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர் ஆசிரியரானார். அப்போது அவர் வயது இருபத்துநான்கு. இரண்டாண்டு நிரம்புமுன், 1898-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் காலமானார். அவர் மறைவால் நின்றுபோன அப்பத்திரிகை சில திங்களில் அல்மோராவிற்குப் பெயர்ந்து மீண்டும் வெளிவந்தது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905-ல் ஒரு பெருந்தொகுதியாக அச்சிடப்பட்டன. தமிழிலோ அவர் விட்டுச் சென்ற நாவல் ஒன்றே. அவ்வொன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதியதாயிற்று.

சூரியநாராயண சாஸ்திரியார்

மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் 1870-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள், கோவிந்த சிவனார்க்கும் லட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் சாஸ்திரியார். வடமொழிக் குடியிற் பிறந்தும், மதுரையிற் சபாபதி முதலியாரிடத்துத் தமிழ் கற்று அதனையே உயிரெனக் கொண்டார். பின்னர்க் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து 1892-ல் பி. ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றுத் தேறினார்.

அவர் மாணவராயிருந்த காலத்து நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. மில்லர் துரையவர்கள் டென்னிசனின் செய்யுளொன்றைக் கற்பிக்கையில், நீர்மேற் செல்லும் தோணியை அன்னத்திற்கு ஒப்பிட்ட நயத்தைப் பாராட்டி, இத்தகைய உவமை தமிழில் உண்டோ என்று வினாவினாராம். சாஸ்திரியார் எழுந்து, குகன் செலுத்திய ஓடத்தைக் கம்பர் அன்னத்தின் நடையோடு பொருத்திப் பாடியிருத்தலை எடுத்துக் காட்டினாராம். மில்லர் மகிழ்ந்தனர் என்ப. அவர் பட்டம் பெற்றபின் தத்துவ ஆசிரியர் பதவி அளிக்க முன்வந்தபோது, ஊதியம் குறைந்ததாயினும் தமிழாசிரியர் பதவியே தமக்கு வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகவும் அவர் வரலாறு உரைப்போர் கூறுவர். 1893-ல் அவர் அக்கலாசாலையின் தமிழாசிரியரானார் என்பது உறுதி. முதல் வகுப்பில் தேறிய பட்டதாரியொருவர் தாமே விரும்பித் தமிழ்ப் பண்டிதராதல் அக்காலத்தில் எத்துணை அருமை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதன்பின் அவர்க்குக் கிடைத்தவை பத்தாண்டுகளே. அப்பத்தாண்டில் அவர் ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்னும் நாடகங்களை இயற்றினார். இவற்றுள் 1902-ல் வெளிவந்த மானவிஜயம், களவழி நாற்பதின் வரலாற்றைத் தழுவி, சேரமான் கணைக்கால் இரும்பொறையின் மானத்தைப் பொருளாகக் கொண்டது. நாடகம் எழுதியதோடமையாது, அதற்கு இலக்கணமும் வேண்டுமெனக் கருதி 1897-ல் நாடகவியல் என்னும் நூலைச் செய்தார். மதிவாணன் என்னும் உரைநடைக் கதையையும் எழுதினார். அதே கலாசாலையோடு தொடர்புடைய எம். எஸ். பூரணலிங்கம் பிள்ளையவர்களுடன் கூடி ஞானபோதினி என்னும் பத்திரிகையை நடத்தினார். வகுப்பிற் கற்பித்ததோடு நில்லாமல், ஆர்வமுள்ள மாணாக்கரைத் தம் இல்லத்திற்கு அழைத்துத் தொல்காப்பியம் முதலிய நூல்களையும் கற்பித்தார்.

அவர் தமது பெயரைத் தூய தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞன் என வைத்துக்கொண்ட செய்தி யாவரும் அறிந்ததே. சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞனாகவும் அப்பெயர் அமைந்தது. ஆனால் அதன் காரணத்தைப் பலர் அறியார். ஆங்கிலச் 'சானெட்' முறையைத் தழுவிப் பதினான்கு அடிகளில் தாம் இயற்றிய செய்யுட்களைத் தனிப்பாசுரத் தொகை என்னும் பெயரால் வெளியிட்டபோது, தம்மை அறிந்தோர் முகமன் கூறாது உண்மை மதிப்புரை வழங்கும்பொருட்டே புனைபெயர் பூண்டார். தம் குறையை அறிய விரும்பிய புலவர் அவர். அச்செய்யுட்களை ஜி. யு. போப் பாதிரியார் பாராட்டி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் சாஸ்திரியாரின் புலமையைக் கண்டு 'திராவிட சாஸ்திரி' என்னும் பட்டமளித்தார்.

அவருடைய நாடகங்கள் மேடைக்கு ஏற்ற எளிமை உடையனவல்ல. செந்தமிழ் நடை பாத்திரங்களின் நாவைக் கட்டுகின்றது. இதனை அவர்பால் அன்புடையாரும் ஒப்புவர். அவருடைய நிலைத்த புகழ் வேறோரிடத்தில் உள்ளது. 1903-ல் அவர் வெளியிட்ட தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூல், நம் மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் நவீன மொழியாராய்ச்சி முறையிற் கூறிய முதல் முயற்சிகளுள் ஒன்று. தமிழ் தனித்தியங்கவல்ல உயர்தனிச் செம்மொழி என்று அவர் காரணங் காட்டி நிறுவினார். அதே ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் காசநோயால் அவர் உயிர் நீத்தார். அவர் கூறியதை இந்திய அரசினர் ஏற்றுத் தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தது ஒரு நூற்றாண்டு.

மாதவையா

ராஜம் ஐயர் பிறந்த அதே 1872-ஆம் ஆண்டில், ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையிலுள்ள பெருங்குளத்திற் பிறந்தவர் மாதவையா. அவரும் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று 1892-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். பின்னர் உப்பு இலாகாவில் உத்தியோகம் ஏற்று, ஊர் ஊராக மாறித் திரியும் வாழ்க்கையை மேற்கொண்டார். எழுதுதற்குரிய ஓய்வு இத்தகைய உத்தியோகத்தில் எளிதிற் கிட்டுவதன்று. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தினாரில்லை.

1892-ல், தம் இருபதாம் வயதில், விவேக சிந்தாமணியில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையைத் தொடங்கினார். சில பகுதிகளே வெளிவந்தன. கதை இடையில் நின்றுபோயிற்று. அதனையே திருத்தி 1903-ல் முத்துமீனாட்சி என்னும் பெயரால் வெளியிட்டார். ஒரு பிராமணப் பெண் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது அந்நூல். இளமை மணத்தின் கொடுமையையும் கைம்பெண்களின் துயரத்தையும் அக்காலத்தில் இத்துணை வெளிப்படையாக எழுதத் துணிந்தோர் சிலரே. 1898-லும் 1899-லும் இரு பாகங்களாக வெளிவந்த பத்மாவதி சரித்திரம் அவருடைய தலைசிறந்த தமிழ் நூல். கிராமத்து வறிய சிறுவனாகிய நாராயணன் கல்வி பயின்று முன்னேறுவதும், பின்னர் ஐயமென்னும் நஞ்சு அவன் இல்வாழ்க்கையைக் கெடுப்பதும் அதிற் கூறப்படுகின்றன. அக்காலத்து மாணவர் வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு அதனினும் சிறந்த கண்ணாடி கிடைப்பது அரிது.

ஆங்கிலத்திலும் அவர் பல நாவல்கள் எழுதினார். 1903-ல் தில்லை கோவிந்தன், 1909-ல் சத்தியானந்தன், 1915-ல் கிளாரிந்தா ஆகியவை வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிற் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிப் பாளையங்கோட்டைச் சபைக்கு மூலகாரணமாக நின்ற பிராமணப் பெண்மணியின் வரலாறே கிளாரிந்தா. மாதவையா கிறிஸ்தவராகவில்லை, இந்து சமயத்தினராகவே இருந்தார். ஆயினும் அவ்வம்மையாரின் வாழ்க்கையை ஆழ்ந்த பரிவோடு எழுதினார். பிற சமயத்தினரின் உள்ளத்தை உள்ளிருந்து காணும் இப்பண்பு, பலதிறத்தாரும் ஒருங்கே அமர்ந்து பயிலும் கலாசாலை வாழ்க்கையிலிருந்தே அவர்க்கு வாய்த்திருத்தல் கூடும்.

சீர்திருத்த ஆர்வம் சில வேளைகளில் அவருடைய கலையை மீறி நிற்பதுண்டு. கதை சொல்லிவருபவர் திடீரென்று பிரசங்கியாராக மாறிவிடுகின்றார். ஆயினும் அப்பிரசங்கத்தில் வஞ்சனையில்லை. தம் குலத்தாரின் குறையையே அவர் முதலிற் கடிந்தார்.

உத்தியோகத்தினின்று முன்னரே விலகிச் சென்னையில் தமக்கென அச்சகம் அமைத்து, 1924-ல் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். நிறைவுபெறாதிருந்த பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதலானார். அப்பாகம் முற்றுப் பெறவில்லை. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள், சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் சபையில், பி. ஏ. வகுப்பிற்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கல் வேண்டும் என்று அவர் எழுந்து பேசினார். பேசி அமர்ந்தவர் அவ்விடத்திலேயே உயிர் துறந்தார்.

மூவரையும் ஒருங்கு வைத்து நோக்கல்

இம்மூவர் வாழ்க்கையிலும் பொதுவாயுள்ளன சில. முதலாவது, மூவரும் முப்பது வயதிற்குள் தம் சிறந்த பணியைத் தொடங்கிவிட்டனர். காலம் வரட்டும், ஓய்வு கிடைக்கட்டும் என்று ராஜம் ஐயர் காத்திருந்தால் கமலாம்பாள் சரித்திரம் நமக்குக் கிட்டியிராது. இரண்டாவது, மூவரும் ஆங்கிலத்தை நன்கு கற்றனர். கற்றதைத் தமிழுக்குக் கொணர்ந்தனர். நாவல், சானெட், நாடகத் திறனாய்வு, மொழிநூல் ஆகியவை இவ்வாறே தமிழிற் குடிபுகுந்தன. ஆங்கிலம் பயின்றதனால் தமிழை மறந்தோர் அக்காலத்தும் பலர் இருந்தனர். ஆதலின் குற்றம் ஆங்கிலத்தினுடையதன்று. மறந்தோருடையதே என்பது இவர்களால் விளங்குகின்றது. மூன்றாவது, மூவருக்கும் பத்திரிகையே அரங்கமாயிற்று. விவேக சிந்தாமணி இல்லையேல் ராஜம் ஐயர் நாவல் எழுதியிருப்பாரோ என்பது ஐயமே. எழுத்தாளரைப் போற்றுவோர், அவருக்கு இடமளித்த பத்திரிகாசிரியர்களையும் மறவாது போற்றுதல் முறை.

நான்காவதாகக் கூறத்தக்கது ஒன்றுண்டு. அதுவே நம்மனோர்க்கு முதன்மையானது என்று கருதுகின்றோம். 1902-ஆம் ஆண்டிற் சென்னைச் சர்வகலாசாலைப் பாடத்திட்டத்தினின்று தமிழ் முதலிய நாட்டு மொழிகளை விலக்கும் ஏற்பாடு எழுந்தபோது, சாஸ்திரியாரும் பூரணலிங்கம் பிள்ளையவர்களும் அதனை எதிர்த்து உழைத்தனர். 1901-ல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரும் துணைநின்றனர்; அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே சாஸ்திரியார் மறைந்தார். இருபத்துமூன்று ஆண்டு கழித்து, அதே சர்வகலாசாலையில் அதே மொழியின்பொருட்டு மாதவையா பேசி உயிர் நீத்தார். ஒருவர் வாயிலைக் காத்தார். மற்றொருவர் உள்ளே உரிய இருக்கையை வேண்டினார். இன்று நம் கலாசாலைகளில் தமிழ்ப் பாட வகுப்பு உண்டு, தமிழ்ப் பேராசிரியர் உண்டு, தமிழில் ஆராய்ச்சிப் பட்டமும் உண்டு. இவை தாமே முளைத்தவை என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். இவற்றின் வேரில் இத்தகையோரின் உழைப்பு உண்டு.

மாணவ நண்பர்களே! தமிழ் மணியடித்தவுடன் வகுப்பை விட்டு நழுவுவதும், தேர்வின் பொருட்டுக் குறிப்பு நூல்களை மாத்திரம் நெட்டுருச் செய்வதும் நம்மிடையே காணப்படும் வழக்கங்கள். நாம் இதனைக் கடிந்துரைக்கும் நோக்கமுடையோமல்லேம். நாமும் மாணாக்கராயிருந்த காலத்தில் அவ்வாறு செய்தவர்களே. அப்போது கமலாம்பாள் சரித்திரத்தைப்பற்றி ஐந்து மதிப்பெண் வினாவிற்கு விடை எழுதினோம். அந்நூலை முதன்முறை முழுதும் படித்தது ஆசிரியராகிய பின்னரே. அத்தாமதத்திற்காக இன்றும் வருந்துகின்றோம். நீவிர் அங்ஙனம் வருந்தல் வேண்டா. நம் புத்தகசாலையில் இம்மூவர் நூல்களும் உள்ளன. விடுமுறையில் ஒன்றையேனும் எடுத்துச் சென்று முதலேட்டினின்று இறுதியேடுவரை படியுங்கள். படித்தபின் உங்கள் உள்ளத்தில் ஏதேனும் எழுமாயின் எழுதுங்கள். பிழை நேருமோ என்று அஞ்ச வேண்டா. இருபது வயதில் எழுதித் தடைப்பட்ட கதையை மாதவையா பதினோராண்டு கழித்துத் திருத்தி வெளியிட்டார். இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதி ஆண்டுதோறும் உங்கள் கட்டுரைகளுக்காகவே காத்திருக்கின்றது.

பின் வரிசையிலிருந்து வியந்துரைத்த அம்மாணவர், இரண்டு வாரம் கழித்துப் பத்மாவதி சரித்திரத்தைப் புத்தகசாலையிற் கேட்டுப் பெற்றுச் சென்றார் என்று அறிந்து மகிழ்ந்தோம். அவர் அதனை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்காக அவரைக் கடிய எமக்கு மனம் வரவில்லை.